விடைக்காக விட்ட இடைவெளி

என் பள்ளியின் பெயரைக் கூப்பிடுவதற்குள் மின்சாரம் போய்விட வேண்டும். கூரையில் சுழலும் விசிறியைப் பார்த்தபடி அதையே வேண்டிக்கொண்டிருக்கிறேன். மதியச் சாப்பாடு முடிந்ததும் தவறாமல் போய்விடுகிற மின்சாரம், நான் யார் யாருக்கோ மனு எழுதியும் மாறாத அந்த வழக்கம், இன்றைக்குப் பார்த்து எங்கே போயிற்று? இங்கே போகாவிட்டாலும் என் பள்ளி இருக்கிற செவலூரணியில் போகட்டும். அங்கே போனால் வகுப்பில் ஓடுகிற ஸ்மார்ட் பலகை அணைந்துவிடும். பலகை அணைந்துவிட்டால் பயிற்சியாளர் இங்கிருந்து எத்தனை முறை அழைத்தாலும் திரையில் ஒன்றும் வராது. நான் எழுந்து நின்று, எங்கள் ஊரில் இந்த நேரத்துக்குக் கரண்ட் இருக்காது சார் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால் பலகை அணைந்தால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? இந்த இடத்தில்தான் வேண்டுதல் தட்டி நின்றுவிடுகிறது. பலகை ஓடுகிறவரைதான் அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அணைந்தால் எழுந்துவிடுவார்கள், எழுந்தால் வெளியே வருவார்கள், வெளியே வந்தால் ஊரணி. ஊரணியில் இந்த வருடம் தண்ணீர் நிறையக் கிடக்கிறது. ஆகவே மின்சாரம் போகக் கூடாது. போக வேண்டும், போகக் கூடாது. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறவளுக்கு எந்தச் சாமி என்ன செய்யும்?

வட்டார வள மையத்தின் இந்த நீண்ட கூடத்தில் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறோம், சுற்றுவட்டாரத்துத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் எல்லோரும். எல்லாப் பள்ளிக்கும் புதிதாக வந்திருக்கிற ஸ்மார்ட் போர்டைப் பாடத்தோடு எப்படிக் கலப்பது என்று பயிற்சி. பயிற்சியாளர் முகுந்தன் நல்ல பையன். பையன் என்று நினைக்கக் கூடாது, சார். என் மகனைவிட இரண்டொரு வயது கூடுதலாக இருக்கலாம், அவ்வளவுதான். காலையில் யாருக்கும் புரியாதபோது கோபப்படாமல் மறுபடி மறுபடி சொன்னார். அந்தப் பொறுமை எனக்குப் பிடித்திருந்தது. மதியம் சாப்பிட்டு வந்ததும் கைகளைத் தேய்த்துக்கொண்டு, "தியரி போதும். இப்ப உங்க உங்க ஸ்கூலையே இந்தத் திரைக்குக் கொண்டுவரப் போறேன். போர்டு ஆன்ல இருந்தாப் போதும், இங்கருந்து கூப்பிட்டா அதுவே எடுத்துக்கும். அங்க யாரும் எதையும் அமுக்க வேண்டாம். மேல இருக்கிற கேமரா வகுப்பை அப்படியே காட்டும்" என்றார். எல்லோரும் ஆவென்று வியந்தார்கள். நான் மட்டும் குறிப்பெடுப்பதை நிறுத்தினேன். அதுவே எடுத்துக்கும். யாரும் எதையும் அமுக்க வேண்டாம். யாரும் வேண்டாம். யாரும் இல்லாத வகுப்பையும் அது அப்படியே காட்டும்.

ஜெசிந்தா இந்நேரம் மதுரையில் இருப்பாள். இல்லை, இன்னும் பேருந்தில் இருப்பாளோ? சாப்பாட்டு மணி அடித்ததும் கிளம்பு என்று நான்தான் சொன்னேன். எங்கள் பள்ளிக்கு இரண்டே ஆசிரியர்கள், தலைமையாசிரியை நானும் அவளும். ஒருவர் பயிற்சிக்குப் போனால் இன்னொருவர் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்க்க வேண்டும், அன்றைக்கு அவருக்கு விடுப்புக் கிடையாது. இதெல்லாம் தெரிந்ததுதான். தெரியாதது, இந்தப் பயிற்சி இன்றைக்கு என்பது. நேற்று விளக்கு வைக்கிற நேரத்தில் வாட்ஸ்அப்பில் உத்தரவு வந்தது, அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அவள் அழைத்தாள். "நாளைக்கு ஸ்கேன் டீச்சர். நாளைக்கு விட்டா அடுத்த மாசம்தான். ஊசியெல்லாம் போட்டாச்சு." அந்த ஊசிகளை நான் பார்த்திருக்கிறேன். இடைவேளையில் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு, சேலையை ஒதுக்கி அடிவயிற்றில் அவளே போட்டுக்கொள்வாள்; பிறகு வந்து ஒன்றாம் வகுப்புக்கு ஆத்திசூடி சொல்லிக்கொடுப்பாள். கல்யாணமாகிப் பத்து வருடம். கூட்டங்களில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் அவளிடம் கேட்கிற முதல் கேள்வி எனக்கு மனப்பாடம். பிறகு அவர்களே தருகிற சமாதானமும் மனப்பாடம்: "உனக்கென்னம்மா, ஸ்கூல் பூராவும் உன் பிள்ளைகதானே." ஒருமுறை அவள் சிரித்துக்கொண்டே, "ஆமாக்கா, சாயங்காலம் ஆனா எல்லாத்தையும் அவங்கவங்க அம்மா வந்து கூட்டிட்டுப் போயிடுறாங்க" என்றாள். நான் மறுநாள்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். போ என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? சின்னப் பிள்ளைகளைச் சத்துணவுக்கூடத்துக் காளியம்மாள் வராந்தாவில் வைத்துக்கொள்வாள். "நான் பாத்துக்கிறேன் டீச்சர், அந்தப் பிள்ளைய அனுப்புங்க" என்று அவளும் சொன்னாள்; அவளுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை, பெண்களுக்குச் சில செய்திகள் காற்றிலேயே வந்துவிடுகின்றன. பெரிய பிள்ளைகளுக்கு நான் இருக்கிறேன். அதாவது, பலகையில்; சாப்பாடு முடிந்ததும் ஐந்தாம் வகுப்புச் சரவணகுமார் என் பதிவை ஓடவிடுவான்.

இதற்கு முந்தைய ஒரு பயிற்சியில்தான், உங்கள் பாடத்தை நீங்களே பதிவுசெய்யுங்கள் என்று சொன்னார்கள். மற்றவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்துவிட்டார்கள். நான் செய்தேன். எதைச் சொன்னாலும் செய்துவிடுவது என் பிறவிக் கோளாறு. பள்ளி விட்ட பிறகு போனைச் சாக்பீஸ் பெட்டிமேல் சாய்த்துவைத்து, காலி வகுப்பைப் பார்த்து நின்று, பேசினேன். முதல் பதிவைப் போட்டபோது பிள்ளைகள் கொஞ்ச நேரத்தில் நெளிய ஆரம்பித்தார்கள். யாரையும் பார்க்காமல் பேசுகிற டீச்சரை யார் பார்ப்பார்கள்? அடுத்ததில் பெயர் சொல்லிக் கேட்டேன். சரவணகுமார், நேரா உட்காரு. அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான்! அவன் எப்போதும் சரிந்துதான் உட்காருவான் என்பது எனக்குத் தெரியாதா? அதன் பிறகு எனக்கு அது ஒரு கலையாகவே ஆகிவிட்டது. கேள்வி கேட்டுவிட்டு, குழந்தை எழுந்து, உடையைச் சரிசெய்து, யோசித்துச் சொல்லும்வரை காத்திருப்பேன். மனசுக்குள் அந்தக் குழந்தையாகவே எழுந்து நின்று, அதன் வேகத்தில் யோசித்து, அளந்து வைத்த இடைவெளிகள் அவை. யோகலட்சுமிக்குக் குறுகலாக, முனீஸ்வரிக்கு நீளமாக. ஆனால் இடைவெளிக்குப் பிறகு என்ன சொல்வது? இங்கேதான் தடுமாறினேன். தப்பு என்று சொல்ல முடியாது, சரியாகச் சொன்ன பிள்ளை உடைந்துபோகும். ஒன்றும் சொல்லாமல் விட்டால், டீச்சர் கேட்கவில்லை என்று நினைக்கும். ஆகவே எல்லா இடைவெளிக்குப் பின்னாலும், "சரியாச் சொன்னே" என்று வைத்தேன். வைத்துவிட்டு அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த இரண்டு சொல் செருப்புக்குள் விழுந்த கல்போல உறுத்தியது. பக்கத்தில்தான் ஜெசிந்தா நிற்பாளே, தவறாகச் சொன்னால் அவள் திருத்திவிடுவாள் என்று சமாதானம் செய்துகொண்டேன். அவள் பக்கத்தில் நிற்பாள் என்று வைத்துச் செய்த பதிவு அது. இன்றைக்கு அவள் நிற்கவில்லை.

"மேடம், என் ஸ்கூல் போர்டுக்குப் பின்னால பல்லி முட்டை வச்சிருக்கு. அதையும் லைவ்ல காட்டுவாகளா?" பக்கத்து நாற்காலிப் பரமேஸ்வரன் சார் என் காதருகே கேட்கிறார். எங்கே பயிற்சி என்றாலும் என் அருகில் வந்து உட்காருவார், நான் குறிப்பெடுப்பேன் என்பதால். சிரிக்க வேண்டும். சிரித்தேனா? "என்ன மேடம், முகமெல்லாம் வேர்த்திருக்கு? பிரஷரா?" வெயில் சார் என்கிறேன். திரையில் ஒரு பள்ளி வந்துவிட்டது. முழுக்க ஒரு விசிறியும் உத்தரமும் மட்டும். யாரோ கேமராவை மேலே தூக்கிவிட்டிருக்கிறார்கள். கூடம் சிரிக்கிறது. அடுத்தது வருகிறது: தலைவாரிக்கொண்டிருந்த ஒரு ஆசிரியை நிமிர்ந்து பார்த்துச் சீப்பை மறைக்கிறாள், பிள்ளைகள் யாரோ சாவி கொடுத்ததுபோல எழுந்து வணக்கம் ஐயா என்று இழுக்கிறார்கள். எல்லாப் பள்ளியிலும் ஒரு பெரியவர் இருக்கிறார். எவ்வளவு சாதாரணமான விஷயம் அது, வகுப்பில் ஒரு பெரியவர் நிற்பது. இப்போது எனக்கு அது மட்டும்தான் கண்ணில் படுகிறது. மடியில் போன் அதிர்கிறது. ஜெசிந்தா. "டீச்சர், வந்துட்டேன். இன்னும் உள்ள கூப்பிடலை. அங்க எல்லாம் ஓகேவா?" என்ன எழுதுவது? திரும்பி வா என்றா? ஒன்றரை மணி நேரப் பயணம். ஓகே என்று எழுதி, அனுப்பாமல் வைத்திருக்கிறேன். பொய் என்பதால் அல்ல. அனுப்பினால் மெய்யாக்க வேண்டிவருமே என்று. பின்பக்கம் நாற்காலிகள் நகர்கிற சத்தம், எல்லோரும் எழுகிறார்கள். வட்டாரக் கல்வி அலுவலர் வந்துவிட்டார். "உக்காருங்க, உக்காருங்க, நடத்துங்க" என்று கையைக் காட்டிக்கொண்டே முன்வரிசைக்கு வருகிறார். கெட்ட மனிதர் அல்ல. ஆனால் போன மாதம் பக்கத்து ஊர்ப் பள்ளியில், கடைத்தெருவுக்குப் போய்வந்த ஆசிரியரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தவர் இவர்தான். "பிள்ளைகளைத் தனியா விட்டவனுக்கு நான் எந்தச் சமாதானமும் கேக்க மாட்டேன்" என்று அன்றைக்குச் சொன்னதாகச் சொல்வார்கள். அது நியாயம்தான் என்று நானும் அப்போது சொன்னேன்.

"அடுத்து, செவலூரணி. ஞானாம்பிகை டீச்சர், முன்னாடி வாங்க. மைக்கைப் பிடிங்க, உங்க பிள்ளைங்ககிட்ட நீங்களே இங்கருந்து பேசலாம்." என் பெயர் அவ்வளவு நீளம் என்று இதுவரை தோன்றியதில்லை. எழுகிறேன், நாற்காலிகளுக்கு இடையே சேலை மாட்டுகிறது, யாரோ எடுத்துவிடுகிறார்கள். விசிறி சுற்றுகிறது. மைக் ஈரமாக இருக்கிறது, எனக்கு முன்னால் பிடித்தவரின் வியர்வை. அழைப்பு மணி மூன்று முறை போகிறது, நான்காவதில் திரை வெளுத்து, என் வகுப்பு வருகிறது. முதலில் எண்ணுகிறேன், இருபது வருடப் பழக்கம், ஒரு கணத்தில் தலைகளை எண்ணிவிடுவேன். எல்லோரும் இருக்கிறார்கள், எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள், ஊரணிக்கு யாரும் போகவில்லை. பிறகு ஒரு பெண்ணின் குரல். கரகரவென்று, கொஞ்சம் மூக்கில், அவசரமே இல்லாமல். யார் இது என்று ஒரு கணம் திகைத்தேன். "ஐம்பத்திரண்டுல இருந்து முப்பத்தெட்டைக் கழிக்கணும். குச்சிக் கட்டை எடுத்து முன்னால வச்சுக்கோங்க." பிள்ளைகள் குச்சிக் கட்டை எடுத்து முன்னால் வைக்கிறார்கள், ஒருவர் பாக்கியில்லாமல். கூடத்தில் ஒரு முணுமுணுப்பு. முகுந்தன் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்க்கிறார். "டீச்சர், இது உங்க குரல்! நீங்களே ரெக்கார்ட் பண்ணினதா? கூட இருக்கிற டீச்சர் கேமராவுக்கு இந்தப் பக்கம் நிக்கிறாங்க போல. பாருங்க எல்லாரும், பிள்ளைங்க எப்படி உக்காந்திருக்காங்க!" ஆமாம் என்று தலையசைக்கிறேன். எதற்கு ஆமாம்? எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தலையசைப்பு. அவ்வளவுதான், தப்பித்துவிட்டோம். இந்தப் பக்கம் நிற்கிறாள். ஜெசிந்தா, நீ கேமராவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறாய், உன்னை உள்ளே கூப்பிடட்டும், நீ போ.

"முனீஸ்வரி, நீ எழுந்து சொல்லும்மா." நான் சொல்கிறேன், அங்கே. முனீஸ்வரி எழுந்து நிற்கிறாள், நாலாம் வகுப்பு, அப்பாவும் அம்மாவும் கரிமூட்டம் போடுகிறவர்கள், விரல் நகத்தில் எப்போதும் கரி. இரண்டிலிருந்து எட்டு போகாது என்றால் எட்டிலிருந்து இரண்டை எடுத்துவிடுவாள். பெருசுலருந்துதானே டீச்சர் எடுக்க முடியும் என்பது அவள் கட்சி. பக்கத்து இடத்தில் பத்து வாங்கலாம் என்றேன். "அவுக ஏன் டீச்சர் தரணும்?" என்றாள். சிரித்துவிட்டு, அந்தப் பேச்சையே விட்டுவிட்டு, யாரும் தர வேண்டாம், நம்ம பத்துக் கட்டை நாமதான் பிரிக்கிறோம் என்று குச்சிகளைக் கட்டி, பிரித்து, கட்டி, பிரித்து, இந்த மாதம் முழுக்க. போன வாரம் ஒருமுறை சரியாக வந்துவிட்டது. இனி வந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் பதிவில் அவள் பெயரைச் சொன்னேன். எல்லோருக்கும் நடுவே ஒருமுறை சரியாகச் சொல்லட்டும் என்று. இடைவெளி ஓடுகிறது, அவளுக்காக நான் விட்ட நீளமான இடைவெளி. கட்டைப் பிரி, கண்ணு. பிரி. அவள் கட்டைத் தொடவில்லை. மேலே பலகையில் இருக்கிற என் முகத்தைப் பார்த்து, "இருபத்தாறு" என்கிறாள். "சரியாச் சொன்னே" என்கிறேன் நான், அளந்து வைத்த அதே நொடியில். "எல்லாரும் முனீஸ்வரிக்குக் கை தட்டுங்க." பிள்ளைகள் தட்டுகிறார்கள். கூடமும் தட்டுகிறது. முகுந்தன் தட்டிக்கொண்டே, "கேள்வி, காத்திருப்பு, பதில், பாராட்டு! இதைத்தான் காலையிலிருந்து சொல்லிட்டு இருக்கேன்" என்கிறார். பின்னாலிருந்து பரமேஸ்வரன் சார், "மேடம், எங்க ஊருக்கும் ஒரு கேசட் போட்டுக் குடுங்க!" என்கிறார். அலுவலர் சாய்ந்து உட்கார்ந்து சிரிக்கிறார். "டீச்சர் இங்க, பாடம் அங்க. அப்ப செவலூரணிக்கு ஒரு ஆள் போதும்போலயே. அடுத்த பணி நிரவல்ல பாத்துக்கலாமா?" எல்லோரும் சிரிக்கிறார்கள். உபரி ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றுவதை விளையாட்டாகத்தான் சொல்கிறார். விளையாட்டாகச் சொன்னவை உத்தரவாக வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒருவரும் விடையைக் கவனிக்கவில்லையா? இத்தனை ஆசிரியர்களில் ஒருவர்கூடவா? முனீஸ்வரி நின்றுகொண்டே இருக்கிறாள். முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, விரலிடுக்கில் பலகையைப் பார்த்துச் சிரிக்கிறாள். இந்தச் சிரிப்பை நான் இந்த மாதம் முழுக்கக் காத்திருந்து பார்க்க நினைத்தேன். "இப்ப முனீஸ்வரி சொன்ன விடையை எல்லாரும் நோட்டுல எழுதுங்க" என்கிறது என் குரல்.

எல்லாத் தலையும் குனிகிறது. யோகலட்சுமி மட்டும் பென்சிலைப் பிடித்தபடி பலகையைப் பார்க்கிறாள், அவளுக்குத் தெரியும், அவள் சரியாகப் போட்டிருப்பாள். பலகையில் இருக்கிற என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, ரப்பரை எடுத்து, தன் விடையை அழிக்கிறாள். நான் பேசாமல் இருந்தால் ஜெசிந்தா பிழைப்பாள். இன்னும் சில நிமிடம், அடுத்த பள்ளி வந்துவிடும், நாளைக்குப் போய் எல்லாவற்றையும் திருத்திக்கொள்ளலாம், நாளைக்கு எல்லாவற்றையும் திருத்திவிட முடியும், ஒரு கணக்குதானே. கணக்குதானா? யோகலட்சுமி அழித்த இடத்தை வாயால் ஊதுகிறாள். "யோகலட்சுமி, அழிக்காதே." சொன்னது நானா, அதுவா என்று எனக்கே தெரியவில்லை. மைக் என் வாய்க்கருகில் இருக்கிறது. "முனீஸ்வரி, நீ சொன்னது தப்பும்மா. உக்காராதே. சரவணகுமார், பலகைல ஓடுறத நிறுத்து." பிள்ளைகள் உறைந்துபோகிறார்கள். அங்கே நான் அடுத்த கணக்குக்குப் போய்க்கொண்டிருக்கிறேன், இங்கே நான் நிறுத்து என்கிறேன். சரவணகுமார் ஓடிவந்து பலகையை அமுக்குகிறான், என் குரல் பாதிச் சொல்லில் அறுகிறது. எல்லோரும் வாசலைப் பார்க்கிறார்கள். நான் வாசல் வழியாகத்தானே வருவேன். வாசலில் காளியம்மாளின் தலை, ஈரக்கையோடு எட்டிப் பார்க்கிறது. "ரெண்டு டீச்சரும் இல்லாதப்ப யாருடா பேசுறது?"

கூடத்தில் சிரிப்பு நிற்கிறது, ஒரே சமயத்தில் அல்ல, வரிசை வரிசையாக. யாருடைய போனோ மணியடித்து அணைகிறது. தலைமையாசிரியை நான், அனுப்பியது நான். கேட்டால் அதைத்தான் சொல்வேன், அவள் பெயருக்கு முன்னால் என் பெயரை வைப்பேன். அது அவளைக் காப்பாற்றுமா என்று தெரியவில்லை. காப்பாற்றாமலும் போகலாம். மதுரையில் ஒரு நாற்காலியில் கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள், நான் அனுப்பாத பதிலுக்காகப் போனைப் பார்ப்பாள், உள்ளே போகும்போது எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டு போவாள். முனீஸ்வரியின் கை இறங்கிவிட்டது. சிரிப்பு போய்விட்டது, உதடு கோணுகிறது. "ரெண்டுல எட்டு போகாது. என்ன செய்யணும்?" என்கிறேன், எந்த அவசரமும் இல்லாமல், என்னால் முடிந்தவரை என் குரலில். "டீச்சர், நீங்க எங்க இருக்கீங்க?" "இங்கதாம்மா இருக்கேன். கட்டை எடு." எடுக்கிறாள். ரப்பர் பேண்டை இழுக்கிறாள், அது சுண்டி அவள் விரலில் அடிக்கிறது, குச்சிகள் மேசையெங்கும் சிதறுகின்றன, யோகலட்சுமி குனிந்து பொறுக்கித் தருகிறாள். எனக்குப் பின்னால் ஒரு நாற்காலி தரையில் உரசிப் பின்னுக்குப் போகிறது. "ஞானாம்பிகை டீச்சர்" என்கிறார் அலுவலர், விளையாட்டு இல்லாத குரலில். "அங்க வகுப்புல யார் இருக்கா?" திரும்பாமல், பாடத்துக்கு நடுவே பேசுகிற பிள்ளைக்குக் காட்டுவதுபோல, அவர் பக்கம் என் கையை உயர்த்துகிறேன். முனீஸ்வரி இன்னும் எண்ணி முடிக்கவில்லை.